ஒறம்பரை வந்த மலை

வாவிபுதூர் தறிக்கார வீதியில் சுகந்தாமணியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது என்று சொன்னால் அவளை ஏதோ சண்டைக்காரி என்று நினைத்துவிடுவீர்கள், அது அநியாயம். அவள் யாரையும் வைததில்லை, யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை, அவள் செய்ததெல்லாம் கண்ணில் பட்டவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டது ஒன்றுதான். சிலிண்டர் போட வந்தவன், கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இறங்குமிடம் வரைக்கும் தூங்கி வழிந்த அம்மாள், தவறான எண்ணுக்குப் போன் போட்டு பாலு இருக்கானா என்று கேட்ட முகம் தெரியாத மனிதர், யாராயிருந்தாலும் சரி, "ஒருக்கா எங்கூட்டுக்கு வாங்க, ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமுங்க" என்று சொல்லாமல் அவளுக்குப் பேச்சு முடியாது. அதை மனசாரச் சொல்வாள் என்பதுதான் ஆபத்து, கேட்டவர்களில் பாதிப்பேர் வந்தும் விடுவார்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை அந்தப் பக்கத்தில் ஒறம்பரை என்பார்கள். ஒறம்பரை வந்தால்தான் வீட்டுக்கு லட்சணம் என்பது சுகந்தாமணியின் கட்சி, வந்தவர்களுக்கு விரிக்கப் பாய் எங்கே இருக்கிறது என்பது அவள் புருஷன் ஆறுக்குட்டியின் கட்சி.

ஆறுக்குட்டி தன் வாழ்நாளில் ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டவர் அல்ல. மனசில்லாமல் இல்லை, அதற்குண்டான மூச்சு அவரிடம் இல்லை. தறிச் சத்தத்திலேயே பிறந்து, தறிச் சத்தத்திலேயே வளர்ந்து, மீசை அரும்புமுன்னே பட்டறையில் போய் நின்று, பஞ்சுத் தூசியைச் சோறு தண்ணீர் போல இழுத்து இழுத்து, கடைசியில் நெஞ்சுக்குள் இளைப்பு வந்து குடியேறிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவார், மூச்சோடு ஒரு மெல்லிய விசில் வந்துகொண்டிருக்கும், அந்த விசில் கேட்கும்வரை சுகந்தாமணி நிம்மதியாகத் தூங்குவாள், நின்றால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். கல்யாணமான புதிதில் கை காலைப் பரப்பி மல்லாந்து கிடந்து குறட்டை விட்ட மனிதர்தான் இவர் என்று அவளே சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை நோம்பிக்குத் தறிகளைத் துடைத்துப் பொட்டு வைத்து நிறுத்திய விடுமுறையில், வீதிக்காரர்கள் ஒரு வேன் பிடித்துப் பனிப்புல்மேட்டுக்குப் போனார்கள். மலை ஏறும்போது முட்டிக்கொண்டால் யார் பார்ப்பது என்று ஆறுக்குட்டி சொல்லிப் பார்த்தார். அடுத்த வீட்டுப் பேபியக்கா, பேரிலேயே ஆற்றை வைத்துக்கொண்டு ஓர் ஆற்றைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்வதா என்று கேலி பேசி அவரை ஜன்னலோரமாக ஏற்றிவிட்டாள்.

பனிப்புல்மேடு அரசாங்கம் காவல் போட்டுக் காக்கிற மலை. மேலே மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய மட்டும் புல், மலையின் மடிப்புகளில் மட்டும் குளிருக்கு ஒண்டிக்கொண்டு நிற்கிற குட்டை மரங்களின் சோலை, அந்தச் சோலைகளுக்குள் சொட்டுச் சொட்டாகக் கசிந்து சேர்ந்து வெளியே வருகிற இரண்டு ஆறுகள். ஒன்று அக்காளாறு, இன்னொன்று தங்கையாறு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் தனித்தனியாக ஓடி, பொறுக்க மாட்டாமல் ஓரிடத்தில் சேர்ந்துகொள்ளும். வேறெங்கும் பார்க்கக் கிடைக்காத பறவைகள் அங்கே உண்டு, வெள்ளைப் புருவம் எழுதிக்கொண்டு சோலைக்குள் மறைந்து நின்று சிரிக்கிற சிரிப்பான், பறக்கத் தெரிந்தும் புல்லுக்குள் நடந்தே போகிற நெட்டைக்காலி. கேட்டிலே ஒரு போர்டு இருந்தது. காலை ஒன்பது மணிக்கு உள்ளே வந்தவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கு வெளியேறிவிட வேண்டும், பிளாஸ்டிக் கூடாது, சத்தம் கூடாது, இந்த வனத்தைச் சேர்ந்த இலை, கல், இறகு எதையும் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்று அதில் எழுதியிருந்ததை வனக்காவலர் ஞானப்பிரகாசம் வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஜெபம் சொல்வதுபோல ராகத்தோடு படித்துக் காட்டிவிட்டு, பேபியக்காவின் சிப்ஸ் பொட்டலங்களை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்.

மற்றவர்கள் படம் பிடித்துக்கொண்டும் பறவையைத் தேடிக்கொண்டும் அலைந்த நேரத்தில், ஆறுக்குட்டி இரண்டு ஆறுகளும் சேருமிடத்துக்கு மேலே ஒரு சரிவில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் முழங்கையை ஊன்றினார், ஊன்றியவர் துண்டைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தார், சாய்ந்தவர் காலை நீட்டித் தூங்கிப்போனார். புளிச்சோற்றுத் தூக்கோடு தேடி வந்த சுகந்தாமணி அவர் மல்லாந்து கிடந்த கோலத்தைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, குனிந்து காதைக் கொடுத்தாள். விசில் இல்லை, ஆனால் மூச்சு இருந்தது. இப்படி ஒரு மூச்சைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்ததால் அதைக் கண்டுகொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. எழுப்ப மனமில்லாமல், சாப்பிடவும் தோன்றாமல், மூன்று மணி விசில் ஊதும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், நடுநடுவே சந்தோஷத்தில் அழுதாள்.

தனக்கு நல்லது செய்த யாரையும் அவள் வெறுமனே விட்டுவிட்டு வந்ததில்லை. கேட்டுக்கு வெளியே வந்ததும் திரும்பி நின்று, மலை பூராவுக்கும் பொதுவாகக் கையைக் கூப்பி, "ஒருக்கா எங்கூட்டுக்கு வாங்க, ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமுங்க" என்றாள். வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சோலைக்குள்ளிருந்து வெள்ளைப் புருவக்காரனும் சிரித்தான், ஆனால் அவன் எப்போதும் சிரிக்கிறவன்தான்.

மலைகளுக்கும் ஆயிரம் ஜோலி இருக்கும், சொன்னவுடனே போட்டது போட்டபடி கிளம்பிவிட முடியாது. கார்த்திகை பிறந்து ஒரு விடியற்காலையில், வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த சுகந்தாமணியின் காலில் முதலில் பனி பட்டது, பிறகு பனிக்குள்ளிருந்து புல் பட்டது, பிறகு வெளுக்க வெளுக்க எல்லாம் தெரிந்தது. தார் ரோட்டை மூடிக்கொண்டு இடுப்பளவு புல் நின்றது, தெற்குப் பக்கத்துச் சாக்கடையில் அக்காளாறும் வடக்குப் பக்கத்துச் சாக்கடையில் தங்கையாறும் தெள்ளத் தெளிவாக ஓடி மாரியம்மன் கோயில் முக்கில் சேர்ந்துகொண்டன, வீட்டுக்கு வீடு நடுவிலிருந்த சந்துகளில் சோலைகள் ஒண்டிக்கொண்டிருந்தன, பட்டறை வாசலில் ஒரு நெட்டைக்காலி நடந்து போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய மலை இந்த வீதிக்குள் எப்படி அடங்கியது என்று கேட்பவர்கள், சின்ன வீட்டில் ஒறம்பரை தங்குவதைப் பார்த்திராதவர்கள். காலை மடக்கி, தோளை ஒடுக்கி, இருக்கிற பாயில் எல்லோரும் படுத்துக்கொள்வதில்லையா, அப்படித்தான் மலையும் மடிப்பு மடிப்பாக ஒடுங்கி, வீட்டுச் சுவர்களில் முதுகைச் சாய்த்து, யாருக்கும் இடைஞ்சலில்லாமல் உட்கார்ந்திருந்தது.

பேபியக்கா வாசலுக்கு வந்து பார்த்தாள், வாயிலிருந்த பேஸ்ட் நுரையைத் துப்ப இடம் தேடினாள், ஆற்றில் துப்பக் கூசி விழுங்கிக்கொண்டு, "இது உன்ற வேலதான் சுகந்தா" என்றாள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கூப்பிட்டது சுகந்தாமணி, கூப்பிட்ட மரியாதைக்கு வந்துவிட்டார்கள், இனி ஆக வேண்டியதைப் பார்க்க வேண்டியதுதான் என்பதில் வீதியில் இரண்டு கருத்து இருக்கவில்லை.

வந்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க வேண்டும். சொம்போடு வெளியே வந்த சுகந்தாமணி, ஆற்றுக்கு எப்படித் தண்ணீர் கொடுப்பது என்று திகைத்தாள், கொடுக்காமல் விட்டால் என்ன நினைத்துக்கொள்ளும் என்று அதைவிடத் திகைத்தாள், கடைசியில் அக்காளாற்றில் பாதியும் தங்கையாற்றில் மீதியுமாக ஊற்றிவிட்டுக் கும்பிட்டாள். போர்வெல் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. இரண்டும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டன, அன்று முழுக்க இரண்டு ஆறுகளும் லேசாகக் கரித்தன. ஒறம்பரை வந்தால் கோழி அடிப்பதுதான் வழக்கம், ஆனால் இத்தனை பறவைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது நன்றாயிருக்காது என்று வீதி முழுக்கக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார்கள். ஒரு வீட்டில் புல்லின் மேல் ஜமுக்காளம் விரித்தார்கள், இன்னொரு வீட்டில் பனிக்கு இதமாகச் சாம்பிராணி போட்டார்கள், பேபியக்கா தன் டிவியை வாசலுக்கு நகர்த்தி வைத்தாள்.

தறிகளை நிறுத்திவிட்டார்கள். தறி ஓடினால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, ஒறம்பரையை வைத்துக்கொண்டு கத்திப் பேசுவது மரியாதையில்லை. பிறந்ததிலிருந்து கத்தியே பேசிப் பழகிய அந்த வீதிக்காரர்கள் முதல் நாள் தங்கள் குரலைத் தாங்களே கேட்டு வெட்கப்பட்டார்கள், இரண்டாம் நாள் மெதுவாகப் பேசிப் பார்த்தார்கள், அதன் பிறகு பேசாமலே உட்கார்ந்து ஆறு ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். துணி காயப் போடுகிற கயிற்றில் சிரிப்பான் வந்து உட்கார்ந்தது, புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் சரியாக நடுவில் சிரித்தது, சண்டை போடுகிறவர்களும் சிரிக்க வேண்டியதாயிற்று.

எல்லோரையும்விட மாறிப்போனவர் ஆறுக்குட்டிதான். வாசலுக்கு எதிரே புல்லில் துண்டை விரித்து மல்லாந்து படுத்தார், காலையில் படுத்தால் உச்சிக்கு எழுந்தார், எழுந்தால் பசிக்கிறது என்றார். தினமும் கோயில் வரைக்கும் நடந்து திரும்பினார், வழியில் எங்கும் நின்று சுவரைப் பிடித்துக்கொள்ளவில்லை. நெஞ்சுக்குள் அடிக்கிற மருந்து டப்பா அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. ஒரு நாள் அவர் தங்கையாற்றங்கரையில் உட்கார்ந்து பேபியக்காவிடம் தன் சின்ன வயசுக் கதையொன்றைச் சொல்வதை, அதுவும் முழுசாக, நடுவில் ஒரு தடவைகூட மூச்சுக்கு நிற்காமல் சொல்வதை, அடுப்படியிலிருந்து கேட்ட சுகந்தாமணி, தாளிக்க வைத்த எண்ணெய் புகைகிறதுகூடத் தெரியாமல் நின்றாள். இந்த மனிதருக்கு இவ்வளவு பேச்சு உள்ளே கிடந்ததா என்று அவளுக்கு ஆசையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

மலை நல்ல பண்புள்ள மலை. ரெண்டு நாள் என்று சொன்னதை மறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையிலேயே பனி மேலே எழுந்தது, புல்லெல்லாம் மேற்கு பார்த்துச் சாய்ந்தது, பறவைகள் கூரைகளில் வந்து கூடின, புறப்படப் போகிற வீட்டில் பைகளை எடுத்து வாசலில் வைப்பார்களே, அந்தக் களை வீதி பூராவும் தெரிந்தது. சுகந்தாமணி ஓடிவந்து, இன்னிக்கு என்னங்க அவசரம், நாளைக்குப் போலாம் இருங்க என்றாள். கூப்பிட்டவர்கள் இரு என்று சொல்லும்போது எழுந்து போவது அழகில்லை. பனி மறுபடி இறங்கியது, புல் நிமிர்ந்தது. மறுநாள் காலையும் அது புறப்பட்டது, அவள் மறுபடி தடுத்தாள், அதற்கு மறுநாளும் அப்படியே. இது பழக்கத்தில் சொல்கிற உபசாரமில்லை, அவர் மல்லாந்து தூங்குவது இன்னும் ஒரு நாள் நடக்கட்டும் என்கிற பேராசை என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

வீதிக்காரர்களுக்கு நெருக்கடி தொடங்கியது. தறி ஓடாமல் எத்தனை நாள் அடுப்பு எரியும். ஆனால் ஒறம்பரையைப் பார்த்து எப்போது கிளம்புகிறீர்கள் என்று எந்த வாயால் கேட்பது. காதில் படுகிற மாதிரி சாடையாகத்தான் பேசிப் பார்த்தார்கள். "உங்கூர்ல இப்ப மழைங்களா" என்று ஒருவர் அக்காளாற்றிடம் கேட்டார், ஊரில் தேட மாட்டார்களா என்று இன்னொருவர் புல்லைத் தடவிக்கொண்டே விசாரித்தார். பேபியக்கா மட்டும் நேராகச் சுகந்தாமணியிடம் வந்து உட்கார்ந்து, வெகுநேரம் கீரை ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் மலையைத் தேடிக்கொண்டு வனக்காவலர் ஞானப்பிரகாசம் பைக்கில் வந்து சேர்ந்தார். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை, ரோடு நெடுக ஈரமும் புல் விதையும் சிந்தியிருந்தன. வந்ததும் தன் கடமையைச் செய்தார், வீதி முக்கில் கயிறு கட்டினார், போர்டைச் சாய்த்து வைத்தார், பிற்பகல் மூன்று மணிக்கு விசில் ஊதி எல்லோரும் வெளியேற வேண்டும் என்றார். ஜனங்கள் தங்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு கோயில் முன்னால் போய் நின்றார்கள். நின்ற பிறகுதான் ஞானப்பிரகாசத்துக்கே குழப்பம் வந்தது, பார்வையாளர்கள் வெளியேற வேண்டும் என்பது போர்டு, ஆனால் இங்கே பார்க்க வந்திருப்பது மலை அல்லவா. ரேஞ்சருக்குப் போன் போட்டுக் கேட்டார், ரேஞ்சர் வெகுநேரம் யோசித்துவிட்டு, அப்படியொரு கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை, டீ குடித்துவிட்டு உட்கார்ந்திரு என்றார். ஜனங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள், ஞானப்பிரகாசத்துக்குச் சுகந்தாமணி வீட்டில் சாப்பாடு என்று ஆயிற்று.

சாப்பிட்டுக் கை கழுவியவர், ஈரக் கையைத் துடைக்காமலே அவளிடம் சொன்னார்.

"மேல ஒண்ணுமே இல்லம்மா. பல்லு புடுங்கின எடம் மாதிரி கெடக்கு. வரையாடுங்க பாறை மேல நிக்குதுங்க, கால எடுத்து வைக்க எடமில்லாம. கீழ்நாட்டுல ஆறு வரலைன்னு நாத்து காயுது. கூப்ட்டவங்கதான் அனுப்பி வைக்கணும், நீங்க இரு இருன்னா அது எப்படிம்மா எந்திரிச்சுப் போகும்?"

நாளைக்கு அனுப்பிவிடுகிறேன் என்று அவள் தலை குனிந்து சொன்னாள். மறுநாள் காலை மலை புறப்பட்டபோது ஞானப்பிரகாசம் பக்கத்தில் நிற்கும்போதே, இன்னிக்கு அஷ்டமி, ஆகாது என்று நிறுத்தினாள். அதற்கு அடுத்த நாள் நவமி வந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

தசமியன்று வெளுக்கிற நேரத்தில் அவள் காதில் விசில் கேட்டது. அரைத் தூக்கத்தில் முதலில் அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது, பழக்கம். பிறகு என்ன சத்தம் என்று உறைத்து, எழுந்து ஓடினாள். ஆறுக்குட்டி புல்லில் மல்லாந்து கிடந்தார், மூச்சு சீராக இருந்தது, நெஞ்சு அமைதியாக ஏறி இறங்கியது. விசில் நிற்கவில்லை. அவள் இன்னும் குனிந்தாள், புல்லில் காதை வைத்தாள். அங்கேயிருந்துதான் வந்தது. வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் புல் ஒருசேர மேலே எழும்பி, முட்டி, விசிலடித்துத் தாழ்ந்துகொண்டிருந்தது, பனி விட்டு விட்டு வந்தது, ஆறுகள் இரண்டும் நூலாக இளைத்து நடுவில் நின்று நின்று ஓடின. எத்தனையோ வருஷமாக அந்த வீதியின் சுவரிலும் கூரையிலும் படிந்திருந்த பஞ்சுத் தூசி புல்லின் தாள்களில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. கயிற்றில் உட்கார்ந்திருந்த சிரிப்பான் வாயைத் திறந்தது, சிரிப்புக்குப் பதிலாக இருமியது.

அவள் எழுப்பவில்லை, அவரே எழுந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ற நெஞ்சுச் சத்தம் அம்மிணி" என்றார்.

"பனிக் காத்துங்க. வெயில் வந்தாச் சரியாப் போயிரும்."

"எனக்குத் தெரியாதாக்கு, இத்தன வருசம் கூட வச்சுட்டுப் படுத்திருக்கறேன். அனுப்பி உட்ரு. நம்மூட்டுக்கு வந்து சீக்காப் போகக் கூடாது."

அனுப்பிவிட்டால் உங்களுக்கு என்று அவள் கேட்க ஆரம்பித்தாள். அவர் எழுந்து போய் வாசலில் கிடந்த விளக்குமாற்றைத் தள்ளி வைத்துவிட்டு, நெட்டைக்காலி ஒன்று நடந்து வருவதற்கு வழி விட்டார். சுகந்தாமணி முகத்தைக் கழுவிக்கொண்டு வீதியைக் கூட்டினாள்.

குறைவில்லாமல் அனுப்பி வைத்தார்கள். புல்லுக்கு மஞ்சள் குங்குமம் தூவினார்கள், ஆறுகள் இரண்டுக்கும் வெற்றிலை பாக்கு பழத்தோடு ஆளுக்கொரு ரவிக்கைத் துணி, பறவைகளுக்குக் கம்பும் தினையும், சோலைகளுக்கு ஆளுக்கொரு குடம் தண்ணீர். ஞானப்பிரகாசத்துக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. போயிட்டு வாங்க என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அம்மா, இவர்கள் சொன்னால் சொன்னபடி வந்துவிடுகிறவர்கள் என்று காதோரம் வந்து கெஞ்சினார். வெறுமனே போ என்று சொல்வதும் எந்த வீட்டிலும் கிடையாது, சொன்னால் அது உறவை முறிப்பது. பனி மேலே எழுந்து, புல் மேற்கே சாய்ந்து, வீதி முழுக்க ஜனம் கூடி நிற்க, சுகந்தாமணி சொம்பும் கையுமாக நின்று, நாக்கின் நுனி வரை வந்துவிட்ட வாங்க என்பதைப் பல்லால் கடித்துப் பிடித்து, வேறு வார்த்தை தேடி, கடைசியில் கண்டுபிடித்தாள்.

"பத்தரமாப் போங்க" என்றாள். "நாங்க வர்றோமுங்க."

மலை மடிப்பைப் பிரித்து எழுந்தது. ஒறம்பரையை வாசலோடு விட்டுவிடுகிற வழக்கமும் அங்கே கிடையாது, பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்புவார்கள். ஆறுக்குட்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோயி உட்டுட்டு வர்றேன்" என்றார்.

அவர் புல்லோடு நடந்தார், அக்காளாறு ஒரு கைப் பக்கமும் தங்கையாறு ஒரு கைப் பக்கமும் கூடவே போயின. கோயில் முக்கைக் கடந்தார்கள், பட்டறைகளைக் கடந்தார்கள், பஸ் ஸ்டாப்பும் வந்தது. அங்கே அவர் கொஞ்சம் நின்றார். திரும்பிப் பார்த்தார். அத்தனை தூரத்திலும் அவர் நெஞ்சு சுலபமாக ஏறி இறங்குவது சுகந்தாமணிக்குத் தெரிந்தது, புல்லைவிட்டு ஒரு காலை வெளியே எடுத்து ரோட்டில் வைத்ததும் அது முட்டி நின்றதும் தெரிந்தது. அவள் சொம்பைப் பிடித்த கையைத் தூக்கி, போங்க போங்க என்று சைகை காட்டினாள், கோழியை விரட்டுகிறவள் போல அவசர அவசரமாக. அவர் காலைப் புல்லுக்குள் எடுத்துக்கொண்டார். பனி அவரை மூடிக்கொண்டு மேற்கே போயிற்று.

மத்தியானமே தறிகள் ஓடத் தொடங்கின. ஆறுக்குட்டி எங்கே என்று வீதியில் யாரும் கேட்கவில்லை, ஒறம்பரையைக் கொண்டுவிடப் போயிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பேபியக்கா மட்டும் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து சுகந்தாமணி வீட்டில் படுக்க ஆரம்பித்தாள், விசில் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது என்று தெரிந்து, கொஞ்ச நாள் பல் இடுக்கில் விசிலடிக்கக்கூடப் பார்த்தாள், அது சினிமாப் பாட்டாகப் போய்விட்டது.

தை பிறந்ததும் சுகந்தாமணி பஸ் ஏறி, மாறி ஏறி, வனத்துறை வேனில் இடம் பிடித்துப் பனிப்புல்மேட்டுக்குப் போனாள். தூக்கில் கம்மங்கூழும் மோர் மிளகாயும், ஒரு பையில் அவருடைய வேட்டி சட்டையும் செருப்பும் மருந்து டப்பாவும் இருந்தன. எதற்காகப் போகிறாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, கூட்டிக்கொண்டு வரத்தான். போர்டில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள், இங்குள்ள எதையும் வீட்டுக்கு அழைக்கக் கூடாது என்று. ஞானப்பிரகாசம் அதை மட்டும் ராகம் போடாமல் படித்தார், பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு நிலைமையைச் சொன்னார். ஆறுக்குட்டியை என்ன கணக்கில் வைப்பது என்று ரேஞ்சருக்கே தெரியவில்லையாம், பார்வையாளர் என்றால் மூன்று மணிக்குப் போக வேண்டும், வேலையாள் என்றால் ஆர்டர் வேண்டும். கடைசியில் மலையோடு வந்தவர், அதனால் மலையைச் சேர்ந்தவர், இலை, கல், இறகு போல வெளியே எடுத்துச் செல்லக் கூடாதவர் என்று முடிவாகியிருக்கிறதாம்.

"எடுத்துட்டுப் போகத்தான் கூடாது" என்று ஞானப்பிரகாசம் குரலை இறக்கினார். "நீங்க கூப்ட்டு அவரா வந்தார்னா அது வேற. மலையே அப்படித்தான வந்துச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

ஆறுக்குட்டி ஆறுகள் சேருமிடத்தில் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் சரிவில் ஏறி வந்தார், ஓடி வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். முகத்தில் நிறம் வந்திருந்தது, தாடியில் புல் விதை. வாழ்நாளில் ஒருவருக்கும் உபசாரம் செய்தறியாத மனிதர், இரண்டு ஆற்றுத் தண்ணீரையும் கைகளில் சேர்த்து அள்ளிவந்து முதலில் குடி என்று நீட்டினார், உட்கார நல்ல இடமாகப் பார்த்துத் துண்டை விரித்தார், சாப்பிட்டாயா, வழியில் கூட்டமா, பேபிக்கு மூட்டு வலி எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். கூழைக் குடித்துவிட்டு மல்லாந்து படுத்துக்கொண்டு பேசினார், பேசினார், பேசினார். நெட்டைக்காலி எங்கே முட்டை வைக்கும், வரையாட்டுக் குட்டி எப்படிப் பாறையில் வழுக்கி விளையாடும், பனி எந்தச் சந்து வழியாக வரும் என்று அவள் கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளிலிருந்து கேட்காத அவ்வளவு பேச்சையும் அன்றைக்குக் கேட்டாள். மருந்து டப்பா பையை விட்டு வெளியே வரவில்லை. செருப்பை மட்டும் எடுத்து அவர் காலடியில் வைத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்று மணி விசில் ஊதியது. அவரும் எழுந்து கேட்டு வரைக்கும் கூட நடந்து வந்தார், எல்லைக் கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டார். அவருக்கு முகம் வாடிவிட்டது.

"உட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன் அம்மிணி" என்றார். "அது உறுத்திட்டே கெடக்குது. நீ ஒரு வார்த்த கூப்ட்டா வந்தர்றேன்."

ஞானப்பிரகாசம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிலிண்டர்காரனிடமும் ரீடிங்காரரிடமும் தவறான எண்காரரிடமும் தானாக வந்து விழுந்த அந்த வார்த்தை, இருக்கிற வார்த்தைகளிலேயே அவளுக்குச் சுலபமான வார்த்தை, தொண்டையில் வந்து நின்றது. வாங்க என்று ஒன்று சொன்னால் போதும், இன்று இரவே வீட்டில் சுவரோரம் தலையணை சாய்ந்திருக்கும், அந்த விசில் கேட்கும், அவள் தூங்குவாள். அவள் அவரைப் பார்த்தாள். பேசிப் பேசி நடந்து வந்தும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

"என்னத்துக்கு அவசரம்" என்றாள். "இன்னுங் கொஞ்ச நாள் இருங்க."

அவர் தலையை ஆட்டினார். அவள் எதை விழுங்கினாள் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். வாழ்நாளில் ஒருவரையும் அழைத்திராத அந்த மனிதர், பழக்கமில்லாத வேலையைச் செய்கிறவர் போலத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மறுக்கா வா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போற மாதரி வா."

"மூணு மணிக்குத் தொரத்தறாங்களே" என்றாள் அவள். சிரித்தாள். "வர்றேனுங்க."

கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து சீட்டில், பெயர் தெரியாத ஒரு பெண், எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவளாம், மகளைப் பார்க்கப் போகிறாளாம், முதல் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் எதுவும் கேட்காமல் இருந்துவிட்டு, ஏன் அக்கா அழுகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சுகந்தாமணி முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விடவே விடாமல், ஒருக்கா எங்கூட்டுக்கு வாங்க, ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமுங்க, வாங்க, கண்டிப்பா வாங்க என்று மலை இறங்கி முடியும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.